முதல் வாய்

குபெர்டினோவிலிருந்து மகளோடு லீவுக்குப் போன இடம், யோகோஹாமாவின் பழைய சைனா டவுன். கடைக்காரம்மா மூங்கில் கூடையைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. "ரெட் பீன்" என்று சிரித்தபடி, பயறு வைத்த ஒரு பன்னை நீட்டினார். அந்தச் சிரிப்பின் மேலேயே எனக்குச் சந்தேகம்.

அப்பாவிடமிருந்து வந்த வியாதி. சின்ன வயதில், மான்மவுத் ஜங்ஷன் என்கிற ஊரில், எப்போதாவது சைனீஸ் ரெஸ்டாரண்டுக்குப் போவோம். நாங்கள் சுத்த சைவம். "நோ மீட், நோ ஃபிஷ், நோ எக்" என்று அப்பா விரல் மடக்கிச் சொல்வார். பரிமாறுகிறவர் எத்தனை முறை தலையாட்டினாலும் நம்பமாட்டார். தட்டு வந்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஸ்பூனால் பிளந்து மோந்து பார்ப்பார். முதல் வாய் அவருக்குத்தான். பக்கத்து டேபிளில் பார்ப்பார்கள். எனக்கு மானம் போகும். சில நாள் மென்று விழுங்கிவிட்டு, "ஒரே உப்பு, வேண்டாம்" என்று தட்டையே ஒதுக்கிவிடுவார்.

"வேணும்னே சொல்றார்மா!" என்று அழுவேன். அம்மா வெறும் சோற்றை என் பக்கம் நகர்த்துவாள்.

"அப்பா, கேன் ஐ ஹேவ் இட்?" என் மகள் பன்னுக்காகக் கை நீட்டினாள்.

"இரு" என்று பன்னைப் பிட்டேன். உள்ளே கருஞ்சிவப்பாக இருந்தது. கடித்தேன். நார் நாராக வந்தது. பயறு இல்லை, கறி. கூடை மாறிவிட்டது போல. மகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்கினேன்.

அப்பா இப்படி எத்தனை தடவை விழுங்கினாரோ.

"ஒரே உப்பும்மா, வேண்டாம்" என்றேன்.

"ரெட் பீன் இஸ் ஸ்வீட், அப்பா" என்றாள், என்னைத் துளியும் நம்பாமல்.