கப்பல் சிப்பியும் இரண்டு கிண்ணங்களும்

எனக்கு ஒன்பது வயதானபோது தாய்மாமா ஆம்பூரில் சுண்ணாம்புக் காளவாய் வைத்திருந்தார். தோல் பதனிடும் ஷாப்பில் மயிர் கழல்வதற்காகத் தோல்களை அந்தச் சுண்ணாம்பு நீரில்தான் ஊறப்போடுவார்கள். அதற்கான சிப்பி கடலோர உப்பங்கழியிலிருந்து கூட்ஸ் வண்டியில் வரும்.

அந்த வருஷம் வந்த மூட்டைகளில், வழக்கமான பச்சைச் சிப்பியின் மேல் பழுப்பு நிறத்தில் ஒரு குட்டிச் சிப்பி கொத்தாக ஒட்டியிருந்தது. கப்பலின் அடியில் தொற்றிக்கொண்டு சீமையிலிருந்து வந்ததாம். அதற்குச் சூடு ஜாஸ்தி, தோலை அரித்துவிடும், சுரண்டி எறிந்த பிறகுதான் எரிக்க வேண்டும் என்று ஷாப்பின் மேஸ்திரி பாய் சொல்லிவிட்டார். அம்மாவும் நானும் தோல் சுரண்டும் கத்தியோடு உட்கார்ந்தோம். எங்கள் ஊரில் எதற்கும் சுரண்டுவதுதானே வைத்தியம். கத்தி பட்டதும் இரண்டு சிப்பியும் சேர்ந்தே நொறுங்கின. மத்தியானம்வரை ஒரு கூடைகூடத் தேறவில்லை. அன்றே பற்றவைக்காவிட்டால் ஷாப்புக்காரர்கள் வேறு காளவாயைத் தேடிப் போய்விடுவார்கள். மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

நான் அவரிடம் கெஞ்சி, இரண்டு சிப்பியையும் சின்ன உலையில் தனித்தனியே எரிக்க வைத்தேன். நீர் ஊற்றியதும் இரண்டும் ஒன்றுபோலக் கொதித்துப் பூத்தன. இரண்டு கிண்ணங்களின் அடியில் கரியால் குறி போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சுண்ணாம்பை எடுத்து, எது நம் சிப்பி என்று கேட்டு மேஸ்திரியின் முன் வைத்தேன். என் மகள் இன்று அப்படிப் பெரியவர்முன் போய் நின்றால், பெருமைப்படுவேனா, பதறி இழுத்துக்கொள்வேனா, தெரியவில்லை.

“இன்னா பாப்பா, எனக்கே பரீட்சையா?” என்றார் அவர். விரலால் தேய்த்தார். நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். “இதான் நம்ம சிப்பி. இன்னொண்ணு சுள்ளுனு சுடுது.”

அவர் காட்டிய கிண்ணத்தைக் கவிழ்த்தேன். கப்பல் சிப்பியின் குறி.

ஆட்கள் சிரித்த சிரிப்பில் மேஸ்திரியும் சேர்ந்துகொண்டார். “பத்த வைப்பா, எல்லாத்தையும் போடு” என்றார் மாமாவிடம். அந்தச் சுண்ணாம்பில் ஊறிய தோல்கள் பால்போல வெளுத்து வந்தன. இரண்டும் ஒரே சிப்பிதான் என்று நான் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

ஒரே சிப்பி இல்லை. சுரண்டும்போது என் கண்முன்னேதான் இருந்தது: குட்டிச் சிப்பிகள் பெரியதன் முதுகை மட்டும் பிடித்திருந்தன, அது திறந்து மூடும் வாயை ஒன்றுகூட அடைக்கவில்லை. எரிந்த பிறகு இரண்டும் ஒன்றுதான் என்று நிரூபித்துவிட்டேன். உயிரோடு இருந்தபோது அந்த நீரில் எப்படி ஒன்றாகக் காலம் தள்ளின என்று யாரையும் கேட்க எனக்குத் தோன்றவில்லை.