தர்ப்பையில் ஒரு தம்பி

ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க வருடந்தோறும் பிளாக்டவுனில் இருந்து கோயிலுக்குப் போவேன். சிட்னியில் ஆடி என்றால் நல்ல குளிர். செம்புத் தண்ணீரில் விரல்கள் விறைத்துப்போகும். முதலில் தேவர்களுக்கு நீர், பிறகு ரிஷிகளுக்கு, கடைசியாகத்தான் அப்பாவுக்கு. பெற்றவரைத் தங்களுக்குப் பின்னால் நிறுத்திவைத்த அந்த ரிஷிகள் மேல் எனக்கு எப்போதும் ஒரு கோபம் உண்டு.

தம்பிக்கு நான் நீர் விட்டதில்லை. இலங்கையில் யுத்தம் முடிந்தபோது, சரணடையச் சொன்ன இடத்தில், அம்மாதான் அவனைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் இராணுவத்திடம் ஒப்படைத்தார். விசாரித்துவிட்டு விடுவதாகச் சொன்னார்களாம். அதன்பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அம்மா மட்டும் பிறகு சிட்னிக்கு என்னிடம் வந்து சேர்ந்தார்.

ஒருமுறை தர்ப்பணம் முடிந்து சால்வையை மடிக்கும்போது ஐயரிடம் கேட்டேன். உலகத்தில் எல்லாவற்றுக்கும் விதி எழுதிய ரிஷிகள், காணாமல் போனவனுக்கு ஒன்றும் எழுதவில்லையா?

"ஓம், சொல்லியிருக்கினம். பன்னிரண்டு வருஷம் பாத்திருக்க வேணும். அதுக்கும் வரேல்லையெண்டால் தர்ப்பையில உருவம் செய்து, அதை எரிச்சுக் காரியத்தை முடிக்கலாம்."

பன்னிரண்டு அப்போதே கடந்துவிட்டிருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு ஆறுதலாக இருந்தது. காணாமல் போனவனுக்காக அழவும் முடியாது. கண் கலங்கினாலே அம்மா "ஆர் செத்தது இப்ப?" என்று சீறுவார். ஒருநாளாவது தம்பிக்காக வாய்விட்டு அழுது தீர்த்துவிட வேண்டும் என்று வருடக்கணக்காகக் கிடந்து தவித்தேன்.

அன்று மாலையே குசினியில் வைத்து அம்மாவிடம் சொன்னேன். அவர் மரக்கறி வெட்டுவதை நிறுத்தவில்லை.

"அந்த ரிஷிமாருக்குச் சொல்லு, நான் தர்ப்பையைப் பெறேல்லையெண்டு. தாய்க்குக் கடைக்குட்டிதான் கொள்ளி வைக்க வேணும். அவன் வந்து வைப்பான்."

அதற்குமேல் நான் அந்தக் கதையை எடுக்கவில்லை.

போன குளிர்காலத்தில் நெஞ்சு நோகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போன அம்மா மூன்றாம் நாள் இறந்துபோனார். தகன மண்டபத்தில், பெட்டிக்குப் பக்கத்தில், அதே ஐயர் என்னைத் தனியே அழைத்தார்.

"தம்பியார் இல்லையெண்டு நீர் சொன்னால் மூத்தவரெண்டு உம்மட பேரிலயே செய்யலாம். இருக்கிறாரெண்டால், அவருக்காகச் செய்யிறனெண்டு சொல்லித்தான் நீர் தொடங்க வேணும்."

ஒரு சொல் போதும். அதைச் சொல்லிவிட்டால் அடுத்ததாகத் தர்ப்பை உருவத்தையும் எரித்துவிடலாம், ஆசைதீர அழலாம். தடுக்க இனி அம்மாவும் இல்லை. அவரைப் பார்த்தேன். மூக்கில் பஞ்சு வைத்து, கைகளை நெஞ்சில் சேர்த்து வைத்திருந்தார்கள். அந்தக் கையால்தான் அவனை ஒப்படைத்தார். கடைசிவரை அந்தக் கையை அவர் மன்னிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

"தம்பிக்காகச் செய்யிறன் ஐயா."

ஐயர் என் விரலில் தர்ப்பை மோதிரத்தை மாட்டிவிட்டு, தம்பியின் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டு, உயிரோடு இருப்பவனுடையதாகவே சொன்னார். இங்கே கொள்ளி என்பது சுவரில் இருக்கும் ஒரு பொத்தான்தான். அவனுக்காக அதை அழுத்தினேன். பெட்டி உள்ளே போக, கதவு மூடிக்கொண்டது.

அம்மாவுக்காக அன்று நன்றாக அழுதேன். தம்பி இருக்கிறான் என்று அவ்வளவு பேருக்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன். இனி எந்த முகத்தோடு அவனுக்காக அழுவேன்?