வலது கை முதலில்

என் மகளைப் பார்த்து யாராவது ‘ஐயோ பாவம்’ என்று உச்சுக்கொட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிறக்கும்போது தோள் மாட்டிக்கொண்டு, இழுத்து எடுத்ததில் அவளுடைய இடது கை நரம்பு கெட்டுப்போனது. விரல்கள் அசையும், கொடுத்ததைப் பிடிக்கும். ஆனால் முழங்கை பாதிதான் மடங்கும், கை தோளுக்கு மேலே எழும்பாது, முதுகுப் பக்கம் போகவே போகாது. இதற்கு நூம்பலில் எங்கள் தெருக்காரர்கள் சொன்ன ஆறுதல் ஒன்றுதான்: “நல்லவேளை, சோத்துக்கை நல்லா கீது. பீச்சாங்கைதானே, உடு.” உன் பீச்சாங்கையைக் கட்டிவைத்துவிட்டு ஒரு நாள் ஜாக்கெட் போட்டுப் பார் என்று ஒருத்தியிடம் சொல்லியேவிட்டேன். அதிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. எனக்கொன்றும் நஷ்டமில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில், வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்பும் கம்பெனியில் எனக்கு வேலை. சட்டைக்குக் கை வைப்பது என் மெஷின். உடம்பு ஒருத்தி தைப்பாள், காலர் ஒருத்தி தைப்பாள், நான் காலையிலிருந்து சாயங்காலம் வரை கை வைத்துக்கொண்டே இருப்பேன். ஊர் பேர் தெரியாதவன் கைக்கெல்லாம் நான் அளவு பார்த்துத் தைத்துக்கொண்டிருக்க, என் வீட்டில் ஏழு வயதுப் பெண்ணால் தன் சட்டையைத் தானே போட முடியவில்லை. கடவுளுக்குக் கிண்டல் அதிகம்.

நான் வேலைக்குப் போனால் அவளைப் பார்த்துக்கொள்வது என் நாத்தனார். என் கணவரின் அக்கா, புருஷன் போன பிறகு எங்களோடு இருப்பவள். குளிப்பாட்டுவது, சட்டை மாட்டுவது, பூந்தமல்லியில் கைப்பயிற்சிக்குக் கூட்டிப்போவது எல்லாம் அவள்தான். எனக்கு லீவு கிடைக்காது, அதனால் பயிற்சிக்கு நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. அவள் மாட்டினால், பிள்ளை கையை நீட்டுவதற்குள் சட்டை ஏறியிருக்கும், அவ்வளவு வேகம். அந்த வேகம் எனக்குப் பிடிக்காது. பிள்ளையைப் பொம்மை ஆக்கி வைத்திருக்கிறாள் என்று என் கணவரிடம் சொல்லிக்கொண்டே இருப்பேன். அவருக்கு மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி. டீ குடிக்க வெளியே போய்விடுவார்.

போன ஏப்ரலில் முகப்பேர் பள்ளிக்கூடத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் சிரித்த முகத்தோடுதான் பேசினாள். “ரெண்டாங் கிளாஸ் வரைக்கும் ஆயா மாத்தி விடுவாங்கம்மா. மூணாங் கிளாஸ் மேல் மாடி, அங்க ஆயா கிடையாது. யோகா பீரியடுக்குச் சட்டையைக் கழட்டிட்டு உள்ள இருக்கிற பனியனோட செய்யணும், முடிஞ்சதும் சட்டையைப் போட்டுக்கணும். ஜூன்ல உங்க பொண்ணை என் முன்னாடி போட்டுக் காட்டச் சொல்லுங்க. முடியலைன்னா இந்த மாதிரிப் பசங்களுக்குன்னே ஸ்கூல் இருக்கு, அங்க சேத்துடுங்க.”

‘இந்த மாதிரி.’ என் பெண் வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் கணக்கு முடிப்பவள். ஒரு சட்டைக்காக அவள் ‘இந்த மாதிரி’ ஆகிவிட்டாள். அந்த மேஜையைப் புரட்டிப் போட்டிருப்பேன். சீட்டு போய்விடுமே என்று “சரிங்க மேடம்” என்றேன்.

மே மாதம் முழுதும் கையில் இருந்தது. முதல் நாளே வீட்டில் சட்டம் போட்டேன். “அண்ணி, இனிமே அவளுக்கு நீங்க சட்டை மாட்டக் கூடாது. தொடவும் கூடாது, நடுவுல வந்து பேசவும் கூடாது. நான் பாத்துக்கறேன்.”

“இன்னாமே, நான் இன்னா பேயா? தொட்டா ஒட்டிக்கினு உட மாட்டனா?”

“தொட்டீங்கன்னா மரியாதை கெட்டுடும்.”

கெட்டே விட்டது. அன்றிலிருந்து எங்கள் பேச்சு பிள்ளை வழியாகத்தான். “உங்கம்மாளுக்குச் சோறு ஆறிடப் போவுது, சொல்லு.” “உங்க அத்தையை மூடி வைக்கச் சொல்லு.”

கம்பெனி வண்டி ஏழேகாலுக்கு வேலப்பஞ்சாவடிக்கு வந்துவிடும். ஆறு மணிக்கே பெண்ணை எழுப்பி, முகம் கழுவவிட்டு, சட்டையைக் கட்டிலில் விரித்து வைத்தேன். முதல் நாள் அவள் நேராக இடது கையைச் சட்டைக்குள் விட்டாள். பட்டென்று அந்தக் கையில் ஒன்று வைத்தேன். “பீச்சாங்கைய யாராச்சும் மொதல்ல உடுவாங்களா? சோத்துக்கை மொதல்ல.” புதுத்துணிக்கு மஞ்சள் வைத்து, வலது கையை முதலில் விட்டுத்தான் எனக்கு என் அம்மா போட்டுப் பழக்கினாள். வீட்டுக்குள் வலது கால், சட்டைக்குள் வலது கை. இடதுதான் ஏற்கெனவே போயிற்றே, வலதையாவது முன்னால் வைத்துப் பிழைக்கட்டும் என்றும் மனசுக்குள் இருந்தது. வலது கை போயிற்று. அதோடு சட்டை முதுகுக்குப் பின்னால் தொங்கியது. அதைத் தேடி இடது கை பின்னால் போக வேண்டும். அது போகாது. அவள் சுற்றினாள். சுவரில் தேய்த்தாள். குனிந்து, சட்டையை ஆட்டி, பல்லால் இழுத்தாள். கால் மணி நேரம் ஆயிற்று. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

“மா, வரல.”

“வரும். ட்ரை பண்ணு.”

மறுநாள் அழுதாள். அதற்கு மறுநாள் நான் கத்தினேன். அடுப்பங்கரையில் நாத்தனார் பாத்திரத்தை நங்கு நங்கென்று வைத்தாள். அது எனக்குத்தான் என்று தெரியும். சட்டையில்தான் கோளாறு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இடது அக்குளைப் பிரித்து, துண்டு வைத்து அகலப்படுத்தினேன். பொத்தான் நுழையும் காஜாவைப் பெரிதாக்கினேன். என் தொழிலில் நான் கெட்டிக்காரி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒன்றும் நடக்கவில்லை. தினமும் கடைசியில் நானே அந்தக் கையைப் பிடித்துத் திணித்துவிட்டு வண்டிக்கு ஓடினேன். வண்டியில் உட்கார்ந்து நாத்தனாரைத் திட்டினேன். அவள் செல்லம் கொடுத்துக் கெடுத்ததை நான் சரிசெய்ய வேண்டியிருக்கிறதே என்று. பெண்ணையும் திட்டினேன், சோம்பேறி என்று. இதை எழுதும்போது என் வாயிலேயே போட வேண்டும் போலிருக்கிறது.

மே பாதி தாண்டிய ஒரு நாள், கம்பெனியில் துணி வந்து சேரவில்லை என்று பன்னிரண்டு மணிக்கே எங்களை அனுப்பிவிட்டார்கள். வெயிலில் வெந்துபோய் வீட்டுக்கு வந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. குளித்த ஈரத் தலையோடு என் பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள். நாத்தனார் அவளுக்கு நாலடி தள்ளி, பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் முறத்தை வைத்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இரண்டு கையும் கீரையில் இருந்தது. ஆகட்டும், இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று ஜன்னலோரம் நின்றேன்.

என் பெண் சட்டையை மடியில் மல்லாத்தினாள். வலது கையால் இடது கையைத் தூக்கி, சட்டைக் கைக்குள் விட்டாள். துணியைத் தோள் வரைக்கும் ஏற்றினாள். பிறகு வலது கையால் காலரைப் பிடித்துத் தலைக்குப் பின்னால் சுற்றி இழுத்து, வலது கையை அந்தப் பக்கம் நுழைத்தாள். ஒரு கையாலேயே கீழிருந்து மேலாகப் பொத்தான் போட்டாள். நாத்தனார் அவளைத் தொடவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு கொத்துக் கீரை உருவி முடிப்பதற்குள் என் பெண் சட்டை போட்டு முடித்துவிட்டாள்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. கோபம். என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை என்னிடம் மறைத்துவிட்டார்கள் என்கிற கோபம். செருப்போடு உள்ளே போனேன்.

என்னைப் பார்த்ததும் பெண் வெடுக்கென்று எழுந்தாள். அவசர அவசரமாகப் பொத்தான்களை அவிழ்த்து, சட்டையைக் கழற்றி, வலது கையை முதலில் விட்டாள். சட்டை முதுகுக்குப் பின்னால் தொங்கியது. சுவரை நோக்கிப் போய் முதுகைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

“போட்டது சரியாத்தான் கீது. இன்னாத்துக்குக் கழட்டினே?” என்றாள் நாத்தனார் அவளிடம். அப்புறம் இரண்டு வாரத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். “வராத கை மொதல்ல போவணும், கழட்டும்போது கடைசியா வரணும். பூந்தமல்லில பயிற்சி குடுக்கற அம்மா எப்பவோ சொல்லிட்டாங்க. நான் அப்புடித்தான் மாட்டிக்கினு இருந்தேன். அது பாத்துக்கினே இருந்துச்சு.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“நடுவுல வந்து பேசக் கூடாதுன்னு யாரு சொன்னா? நானா? மொத நாளே அது கரெக்டாத்தான் உட்டுச்சு. அந்தக் கைமேலயே வெச்சியே ஒண்ணு. அடுப்பாண்ட கேட்டுச்சு எனுக்கு.”

தப்பு என்னுடையது என்று தெரிந்தது. அதனாலேயே இன்னும் கத்தினேன். நீங்கள் வேண்டுமென்றே வேடிக்கை பார்த்தீர்கள், நான் தோற்கட்டும் என்று இருந்தீர்கள் என்றேன். ஆமாம் என்றாள் அவள். “ஆமா, பாத்தேன். நீ தோக்கணும்னுதான் இருந்துச்சு. ஆனா புள்ள தோக்கக் கூடாதுன்னு மத்தியானத்துல அதுங்கூட உக்காந்துகினேன்.” முறத்தை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கிற ஆள் இல்லை.

அன்று சாயங்காலம் பெண்ணை உட்காரவைத்து, “இனிமே உனக்கு வர்ற மாதிரியே போடு” என்றேன். தலையாட்டினாள். மறுநாள் காலை நான் அறையில் நின்றவரைக்கும் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். நான் தண்ணீர் பிடிக்க வெளியே போய்த் திரும்புவதற்குள் போட்டு முடித்திருந்தாள். அதன் பிறகு தினமும் அப்படித்தான். எனக்குப் பின்னால் போட்டாள், எனக்கு எதிரில் போடவில்லை. பள்ளிக்கூடத்தில் என் எதிரில் என்ன செய்வாள் என்கிற பயத்தோடே கடைசி வாரம் போயிற்று.

ஜூன் வந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் மின்விசிறி கரகரவென்று சுற்றியது. பெண் பனியனோடு நின்றாள், சட்டை நாற்காலியில் கிடந்தது. “போடும்மா, பாக்கலாம்” என்றாள் அந்த அம்மாள். என் பெண் எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். பிறகு சட்டையை எடுத்து, இடது கையைத் தூக்கி உள்ளே விட்டாள்.

“அடடா, லெஃப்ட் ஹேண்டையா ஃபர்ஸ்ட் விடுறது? ரைட்தானேம்மா முதல்ல. வீட்ல அம்மா சொல்லித் தரலையா?” என்று சிரித்தாள் ஹெட்மிஸ்ட்ரஸ்.

கை பாதியில் நின்றது. முழங்கை வரை ஏறிய சட்டையோடு என் பெண் திரும்பினாள். அந்த அம்மாளைப் பார்க்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. என் வலது கையைப் பார்த்தாள், அது எழும்புகிறதா என்று.

இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் இறுகக் கோத்துக்கொண்டேன்.

“சொல்லித் தந்தேன் மேடம், தப்பாச் சொல்லித் தந்தேன்” என்றேன். “நீ போடுடி.”

போட்டாள். மேல் பொத்தான் வரைக்கும் போட்டாள். ஹெட்மிஸ்ட்ரஸ் ஏதோ தாளில் கையெழுத்துப் போட்டு, மூணாங் கிளாஸ் மாடிப்படி எந்தப் பக்கம் என்று காட்டினாள். என் பெண் பையை மாட்டிக்கொண்டு ஏறும்வரைக்கும் நான் பின்னாலிருந்த கையை முன்னால் எடுக்கவில்லை.