கப்பல் விருந்துக்குப் போட்ட வெள்ளைக் கோட்டு

பக்கத்து வீட்டு மருமகள் போன மாதம் என்னிடம் வந்தாள். அவளும் கணவனும் ஒரு வாரம் சொகுசுக் கப்பலில் போகிறார்களாம். டிக்கெட்டோடு வந்த தாளில் இரண்டு இரவுகளுக்கு ‘ஃபார்மல் நைட்’ என்று போட்டிருந்ததாம். என்ன உடுத்துவது என்று தெரியவில்லை.

“அங்கிள், நீங்கதான் கப்பல் ஏஜென்ட் ஆபீஸ்ல இருந்தவராச்சே” என்றாள்.

சொன்னேன். அவளுக்கு ஒரு பட்டுச் சேலை போதும். எந்தக் கப்பலிலும் பட்டுச் சேலையைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. கணவனுக்குக் கறுப்பு டின்னர் சூட். வெயில் நாட்டுக் கடலில் வெள்ளைக் கோட்டும் கறுப்புக் கால்சட்டையும் இன்னும் பொருத்தம். மார்பில் மடிப்பு வைத்த வெள்ளைச் சட்டை, கழுத்தில் கறுப்பு ‘போ’ டை. இடுப்புப் பட்டை கட்டினால் அதன் மடிப்புகள் மேல்நோக்கி இருக்க வேண்டும். உட்காரும்போது கால் தெரியாத நீளத்துக்குக் காலுறை. எவ்வளவு வியர்த்தாலும் மேஜையில் கோட்டைக் கழற்றக் கூடாது.

“ஏன் அங்கிள்?”

“அது வழக்கம்மா.”

எல்லாவற்றையும் போனில் எழுதிக்கொண்டு போய்விட்டாள். அந்தக் கடைசி விதியை நான் எப்படிக் கற்றேன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பேன். நாற்பது வருஷத்துக்கும் மேலாக அப்படித்தான் செய்து வந்திருக்கிறேன்.

எங்களுடையது சலவைக் குடும்பம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையாளக் கரையிலுள்ள மட்டாஞ்சேரிக்குப் பிழைக்க வந்தவர்கள். நான் பள்ளியில் படிக்கும்போதே அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்த அக்காதான் வளர்த்தாள். அத்தான் துவைப்பார், அக்கா தேய்ப்பாள், நான் படிப்பேன். ஏழு குடும்பங்களுக்குப் பொதுவாக ஒரு சலவைத்துறை இருந்தது. குடும்பத்துக்கு ஒரு கல், ஒரு தொட்டி, கொடி கட்டக் கொஞ்சம் வெளி. அங்கே ஒரே ஒரு கட்டுப்பாடுதான் கடுமையானது. வாடிக்கைக்காரர் துணியை யாரும் உடுத்தக் கூடாது, உடுத்தக் கொடுக்கவும் கூடாது. மீறினால் அந்தக் குடும்பத்துக்குக் கல் கிடையாது. ஒரு வீடு செய்தால் ஏழு வீட்டுக்கும் துணி வராது என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஒவ்வொரு வாடிக்கைக்கும் ஒரு குறி உண்டு. சேங்கொட்டையைக் குத்தி, அதன் கறுப்புச் சாற்றை ஊசி முனையில் தொட்டு, காலரின் உள்பக்கம் வைப்பார்கள். எத்தனை முறை வெள்ளாவி வைத்தாலும் அது போகாது. அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு குறியைப் பார்த்தால் அது எந்த வீடு, அந்த வீட்டில் யாருடைய சட்டை, அவர் வெற்றிலை போடுவாரா என்பது வரைக்கும் சொல்லுவாள். எங்கள் வீட்டுத் துணிகளுக்கு மட்டும் குறி கிடையாது. குறி இல்லை என்றால் அது வீட்டுத் துணி.

பி.ஏ. முடித்ததும், எழுபதுகளின் கடைசியில், துறைமுகத் தீவில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் கிளார்க் வேலை கிடைத்தது. வீட்டில் என்ன தொழில் என்று மேனேஜர் கேட்டார். “துணி வியாபாரம் சார்” என்றேன். அதற்குப் பிறகு அலுவலகத்தில் யாரும் வீட்டுக்கு வந்துவிடக் கூடாதே என்று சுள்ளிக்கல்லில் ஓர் அறை எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அழுக்குத் துணி மூட்டையோடு அக்காவிடம் போவேன். அந்த மேனேஜர் வீட்டுப் படுக்கை விரிப்புகளையும் அக்காதான் தேய்த்தாள் என்பது அவருக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியும். அவள் அதைச் சிரித்துக்கொண்டே சொல்லுவாள்: “உங்க சாருக்கு மெத்தை விரிப்பு வழவழன்னு இருக்கணும் கேட்டியா. இல்லேன்னா மறுநாள் உன்னையப் போட்டுக் கத்துவாரு.”

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வெளிநாட்டு உல்லாசக் கப்பல் வந்தது. அதன் கேப்டன் ஊர்ப் பெரியவர்களுக்குக் கப்பலிலேயே ஒரு விருந்து கொடுப்பதாக ஏற்பாடு. விருந்துக்கு முதல் நாள் மத்தியானம் ஒருவர் வரவில்லை என்று சொல்லிவிட்டார். மேஜையில் ஓர் இடம் காலி. மேனேஜர் என் பக்கம் திரும்பினார்.

“எடோ, நாளைக்கு நீயும் வா. இங்கிலீஷ் பேசத் தெரிஞ்ச ஆளு வேணும். டின்னர் கோட்டு உண்டல்லோ?”

“உண்டு சார்.”

எந்தத் தயக்கமும் இல்லாமல் சொன்னேன். வாழ்க்கையில் எனக்கு வந்த முதல் வாய்ப்பு அது என்று நினைத்தேன். மேல் உத்தியோகத்துக்கு எடுக்கும் ஆட்களை மேஜையில் உட்கார வைத்துத்தான் பார்ப்பார்கள் என்று அலுவலகத்தில் பேச்சு.

அன்று சாயந்தரம் மட்டாஞ்சேரிக்குப் போனேன். தேய்க்கும் மேஜைக்குப் பின்னால் ஒரு வெள்ளை டின்னர் கோட்டு தொங்கியது. ஒரு தேயிலைக் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவருடையது. இரண்டு கோட்டுகள் வந்திருந்தன. ஒன்றை அத்தான் அன்று காலையே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். இது காலர் கறைக்காக இன்னொரு தடவை வெளுக்கப்பட்டு, அப்போதுதான் தேய்த்து முடிந்திருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா கவனித்துவிட்டாள். “என்னலே, அதையே பாக்குதே?”

சொன்னேன். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“வேண்டாம்லே.”

“ஒரே ஒரு நேரம்க்கா. மூணு மணி நேரம்.”

“அவரு அங்க வருவாரா?”

அழைப்பு அட்டைகளை டைப் அடித்தவன் நான். அவருடைய பெயர் எட்டாவதாக இருந்தது.

“வரமாட்டாரு” என்றேன்.

அக்கா வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். பிறகு கோட்டை எடுத்து என் தோளில் வைத்துப் பார்த்தாள். அவருக்கும் எனக்கும் ஒரே அளவு. ஹோட்டல் பேரர்களின் உடுப்பு மூட்டையிலிருந்து எலாஸ்டிக் வைத்த ஒரு கறுப்பு ‘போ’வையும் தேடி எடுத்துக் கொடுத்தாள். கழுத்தில் மாட்டிப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அப்படியே பேரர்தான். யாராவது சூப்பு கேட்டா ஓடிப்போய் எடுத்துக் குடுத்துராதே.” உடனே சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னாள்: “ஒரு சொட்டுப் படக்கூடாது, கேட்டியா? மஞ்சளோ சிவப்போ பட்டா அவரு கண்ணுக்குத் தப்பாது. என் கல்லு, என் வாடிக்கை, எல்லாம் இப்போ உன் தோள்லதான் தொங்குது.”

அத்தானுக்கு இது தெரியாது. அவர் வருவதற்குள் நான் போய்விட்டேன்.

மறுநாள் கப்பலில் ஏறியபோது நான் யாருக்கும் குறைந்தவனாக இல்லை. மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்துத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பை நான் எவ்வளவு நாள் எதிர்பார்த்திருந்தேன் என்று சொன்னால் வெட்கமாக இருக்கிறது. சாப்பாட்டுக் கூடத்தில் என் பெயர் அட்டையைத் தேடிக் கண்டுபிடித்தேன். பக்கத்து அட்டையில் தேயிலைக்காரரின் பெயர். காலியான இடம் அவருக்குப் பக்கத்து இடம் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

அவரும் வெள்ளைக் கோட்டில்தான் வந்தார். நீலகிரியில் வெகுகாலம் இருந்தவர், நல்ல தமிழ் பேசுவார். “தம்பி எந்த ஊரு?” என்று அன்பாகக் கேட்டார். கோட்டை அவர் கவனிக்கவில்லை. வெள்ளைக் கோட்டு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். நான் பேசாமல் இருந்திருந்தால் அன்று எதுவும் நடந்திருக்காது.

தக்காளி சூப் வந்தது.

சிவப்பாக, விளிம்பு வரைக்கும். அக்கா சொன்னது ஞாபகம் வந்தது. கரண்டியைத் தூக்கினால் கோட்டில் சொட்டிவிடும் போலிருந்தது. நான் எழுந்து கோட்டைக் கழற்றினேன். அழுக்குப் படக்கூடாது என்று, வீட்டில் அக்கா மடிப்பது போலவே உள்பக்கத்தை வெளியே திருப்பி, இரண்டாக மடித்து, நாற்காலியின் முதுகில் போட்டேன். எங்கள் வீட்டில் யாரானாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். சட்டையோடு உட்கார்ந்து, சாமர்த்தியமாக ஒரு காரியம் செய்துவிட்ட நிம்மதியில் கரண்டியை எடுத்தேன்.

மேஜையில் பேச்சு நின்றுவிட்டது. எதிரே இருந்த வெள்ளைக்கார அம்மாள் தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேனேஜரின் முகம் கறுத்துவிட்டது. தேயிலைக்காரர் எனக்காகச் சங்கடப்பட்டு, மெதுவாகக் கோட்டை எடுத்துத் தர நாற்காலிப் பக்கம் கை நீட்டினார். அப்போது காலரைப் பார்த்தார். இரண்டு புள்ளி, கீழே ஒரு கொக்கி. இருபது வருஷமாகத் தினமும் தன் சட்டையில் பார்க்கிற குறி.

“தம்பி, இது என் கோட்டு இல்லே?”

அவர் கோபப்படவில்லை. சத்தமாகச் சிரித்தார். “என் கோட்டு என்னைக் கேக்காமலே விருந்துக்கு வந்திருக்கு!” என்று இங்கிலீஷில் மேஜைக்கே சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை.

“எந்தா இது? எங்கேர்ந்து கிட்டியது?”

“என் அக்கா கொடுத்தாள்” என்று சொல்லியிருக்கலாம். சிரித்துக்கொண்டிருந்த அந்த மனிதர் அத்தோடு விட்டிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கும் அது எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. நான் சொன்னது இது:

“டோபிகிட்ட வாடகைக்கு எடுத்தேன் சார். அவங்களோட சொந்தத் துணின்னு நினைச்சேன்.”

“எந்த டோபி?”

துறையைச் சொன்னேன். தேய்க்கிற அம்மாள் என்று அடையாளம் சொன்னேன். அதுவும் போதாமல், “அங்கே இப்படி வாடகைக்கு விடறது வழக்கம்தானாம்” என்றும் சேர்த்துக்கொண்டேன். அந்தக் கடைசி வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

தேயிலைக்காரரின் சிரிப்பு அப்போதுதான் நின்றது. கோட்டு வந்தது வேடிக்கை. தன் உடுப்புகள் ஊரெல்லாம் வாடகைக்குப் போகின்றன என்பது வேடிக்கை அல்ல.

அந்த வாரத்திலேயே அவர் வீட்டு ஆள் வந்து எல்லாத் துணிகளையும், ஈரமாக இருந்ததையும் சேர்த்து, வாங்கிக்கொண்டு போய்விட்டான். அடுத்தது எங்கள் மேனேஜர் வீடு. பிறகு ஹோட்டல். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல நான் என் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனேன். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று கணக்குப் போட்டுத்தான் போனேன். துறையில் ஏழு வீட்டாரும் கூடியிருந்தார்கள். அக்கா நடுவில் நின்றாள். அத்தான் கல்லின்மேல் குந்தி உட்கார்ந்திருந்தார்.

மூத்தவர் ஒருவர் கேட்டார்: “நெசமாத்தான் வாடகைக்கு விட்டியாம்மா?”

அக்கா வாசல் பக்கம் திரும்பினாள். மூட்டையோடு நிற்கும் என்னைப் பார்த்தாள். நான்தான் என்று அவள் சொன்னால், நான் யார் என்பது அன்று சாயந்தரத்துக்குள் அலுவலகத்துக்குத் தெரிந்துவிடும். அது அவளுக்குத் தெரியும். நான் எதிர்பார்த்து நின்றதும் அதைத்தான்: அவள் சொல்லமாட்டாள்.

“ஆமா. வாடகைக்குத்தான் விட்டேன்” என்றாள்.

“யாருக்கு?”

“யாரோ ஒரு சாருக்கு.”

அத்தான் எழுந்து போய்விட்டார். கல் போயிற்று.

கூட்டம் கலைந்த பிறகு நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அக்கா கை நீட்டி மூட்டையை வாங்கிக்கொண்டாள். “சாயா போட்டு வெச்சிருக்கேன், குடிச்சிட்டுப் போ” என்றாள். குடித்தேன். குடித்துவிட்டுத்தான் போனேன்.

அடுத்த ஞாயிறு போனபோது வீட்டில் பாதிச் சாமான் கட்டப்பட்டிருந்தது. ஆலுவாவில் ஓர் ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் வேலை அத்தானுக்குக் கிடைத்திருந்தது. என் சட்டைகளை அக்கா எப்போதும்போலக் கத்தி முனை மடிப்போடு தேய்த்து, காகிதத்தில் சுற்றி வைத்திருந்தாள். அறைக்கு வந்து பிரித்தேன். முதல் சட்டையின் காலருக்குள் இரண்டு புள்ளி, கீழே ஒரு கொக்கி. மற்ற ஆறிலும் அதே குறி.

மறுநாளே அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டு ஓடினேன். லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா, என் சட்டையில குறி போட்டிருக்கே.”

அவள் பாத்திரக் கூடையைத் தூக்கி மேலே இருந்த அத்தானிடம் கொடுத்தாள்.

“குறி போடாம யாரு துணின்னு எப்படிலே தெரியும்? அவரு குறி காலியாத்தான் கெடந்துச்சு.”

அடுத்த கூடையை எடுக்கத் திரும்பினாள். லாரி கிளம்பியபோது கையசைக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

மேஜையில் கோட்டைக் கழற்றியதற்காக மேனேஜர் என்னை ஒரு வருஷம் கப்பல் பக்கமே விடவில்லை. அதற்குமேல் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு பதவி உயர்ந்தேன். தையல்காரரிடம் அளவு கொடுத்து இரண்டு வெள்ளைக் கோட்டு தைத்துக்கொண்டேன். எத்தனையோ கப்பல்களில் சாப்பிட்டேன். ஒரு தடவைகூடக் கோட்டைக் கழற்றவில்லை.

ஆலுவாவுக்கு நான் மூன்று முறை போனேன். அக்கா ஒவ்வொரு முறையும் சாயா கொடுத்தாள், ஆபீஸ் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். என் துணியை மட்டும் கேட்கவில்லை, நானும் கொண்டுபோகவில்லை. நாலாவது முறை போனது அவளை மயானத்துக்கு எடுத்துக்கொண்டு போவதற்கு.

அவளைக் குளிப்பாட்டி ஒரு புதுச் சேலை சுற்றியிருந்தார்கள். பழைய சேலைகள் கொடியில் கிடந்தன. யாரும் பார்க்காதபோது அவற்றின் ஓரங்களைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றிலும் குறி இல்லை.