அக்கா அம்மாவிடம் சொல்லாதது

எங்கள் அக்காவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். உடன்பிறந்த தம்பி என்பதால் அக்காவைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். எனக்கு இன்னும் அழுகைகூட வரவில்லை. மனம் மரத்துக் கிடக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது தஞ்சோங் பகாரில், அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில். வளர்ந்ததும் வாழ்ந்ததும் தோ பாயோவில். சின்ன வயதில் அடிக்கடி காய்ச்சல் வருமாம். ஒன்றுக்குப் போனால் எரிகிறது என்று அழுவாராம். உடம்புச் சூடு என்று அம்மா வெந்தயத் தண்ணீரும் இளநீரும் கொடுத்தார். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அதுதான் வைத்தியம். ஏழு வயதில் குளிர்நடுக்கத்தோடு மருத்துவமனையில் சேர்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. சிறுநீர், பையிலிருந்து மேலேறி சிறுநீரகத்துக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. கிருமியும் அதோடு போயிருந்தது. சிறுநீரகங்களிலிருந்து பைக்கு வரும் இரண்டு குழாய்களையும் சிறுநீர்ப்பையின் சுவருக்குள் நீளமாகப் பதித்துத் தைத்தார்கள். அப்படித் தைத்தால் பை நிறையும்போது குழாய் அமுங்கி மூடிக்கொள்ளும். அதன் பிறகு அக்காவுக்கு அந்தக் காய்ச்சல் வரவேயில்லை.

அக்கா எப்போதும் சிரித்த முகமாக இருந்தார் என்று நான் எழுத மாட்டேன். லிஃப்டில் யாராவது முந்திக்கொண்டு கதவை மூடினால் சண்டைக்குப் போவார். அப்பா போன பிறகு ஒரு கப்பல் அலுவலகத்தில் வேலை செய்து என்னைப் படிக்க வைத்தவர் அவர்தான். கல்யாணம் ஏன் வேண்டாம் என்று கேட்டவர்களுக்கு, "உங்க வேலையப் பாருங்க லா" என்பதுதான் பதில்.

முப்பத்தைந்து வயதில் சிறுநீரகம் செயலிழந்தது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். "சின்ன வயசுல கத்தி வெச்சாங்கல்ல, அதான்" என்று வருவோர் போவோரிடமெல்லாம் அம்மா சொல்வார். அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். ஒரு நாளும் மறுத்ததில்லை. நானும் அதையேதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

என் மகளுக்கு இரண்டு வயதில் சளி, இருமல் எதுவும் இல்லாமல் காய்ச்சல் வந்தது. "மொதல்ல யூரின் டெஸ்ட் எடுக்கச் சொல்லு" என்றவர் அக்கா. அதே கோளாறு, இரண்டு பக்கமும். தினமும் மருந்து கொடுத்தும் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்ததால், ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார் டாக்டர். கூடவே கூடாது என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றார்.

"ஒருத்திய வெட்டிப் பாத்தது போதும். பேத்தியையும் குடுக்க மாட்டேன்."

என் மனைவி பயந்துபோனார். எனக்கும் பயம். தேதியைத் தள்ளிப்போடலாம் என்று ஃபோனை எடுத்தேன்.

"ஃபோன கீழ வை" என்றார் அக்கா. டயாலிசிஸ் முடிந்து வந்து சோபாவில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். "அம்மா, ஆபரேஷன் என் கிட்னியக் கெடுக்கல. அதுக்கு முன்னாடி வந்த காய்ச்சல்லயே ரெண்டுலயும் தழும்பு விழுந்துபோச்சு. டாக்டர் எனக்குப் படத்துல காட்டினாரு."

"எப்ப காட்டினாரு?"

"எனக்கு இருபது வயசு இருக்கும்."

"இத்தன வருஷமா ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீங்க தாங்க மாட்டீங்க. அப்ப நம்ம யாருக்கும் தெரியாதும்மா, உங்க தப்பு இல்ல. இப்பதான் தெரியும்ல? பாப்பாவுக்குத் தழும்பு விழறதுக்கு முன்னாடி பண்ணிடலாம்."

அன்று முழுவதும் அம்மா சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் என்னிடம், "தேதிய மாத்தாத" என்று மட்டும் சொன்னார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. சிறுநீர் போக வைத்திருந்த டியூபை எடுத்த பிறகு பாப்பா தானாக ஒன்றுக்குப் போனதும், வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அக்கா கைதட்டினார். "எம் மருமகடா!" என்றார். அவளுடைய சிறுநீரகங்கள் நன்றாக இருக்கின்றன. அதைக் கேட்டுவிட்டுத்தான் அக்கா போனார். சில மாதங்கள் கழித்து, டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்போதே இதயம் நின்றுவிட்டது.

அக்காவின் சிடுசிடுப்பைப் பொறுத்துக்கொண்ட டயாலிசிஸ் மையத் தாதியருக்கும், இத்தனை நாளும் சாப்பாடு கொண்டுவந்த எதிர்வீட்டு மலாய்க் குடும்பத்துக்கும், காரியங்களை முன்நின்று நடத்திய மாமாவுக்கும் எங்கள் நன்றி.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். சுவா சூ காங்கில் இருக்கும் சித்தி கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்பி எழுதுகிறேன். துக்கம் விசாரிக்க வந்தபோது அவர் அம்மாவைக் கட்டிக்கொண்டு, "அன்னைக்கு அந்த ஆபரேஷன் மட்டும் பண்ணாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார்.

அம்மா அவர் கையை விலக்கினார். "ஆபரேஷன் இல்ல. நான் லேட்டா கூட்டிட்டுப் போனேன்."

பிறகு வந்தவர்களிலும் சிலர் அதையே சொன்னார்கள். அம்மாவும் அதே பதிலைச் சொன்னார்.

அம்மாவைப் பார்க்க வாருங்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருங்கள். ஆனால் அந்த ஆபரேஷனை மட்டும் யாரும் குறை சொல்லாதீர்கள். சொன்னால் அம்மா உங்களைத் திருத்துவார். 'நான் லேட்டா கூட்டிட்டுப் போனேன்' என்ற அந்த வார்த்தையை அம்மா தன் வாயால் சொல்ல வேண்டி வரக் கூடாது என்றுதான் அக்கா அத்தனை வருடம் பேசாமல் இருந்தார்.