மாமியின் சீற்றுக்குச் சூடு

என் மாமி, அதாவது மனைவியின் தாய், என்னோடு நேரே பேசுவதில்லை. கலியாணம் முடித்து யாழ்ப்பாணத்தில் அவர் வீட்டிலேயே இரண்டு வருடம் இருந்தேன். குரல் கதவுக்குப் பின்னால் மட்டும் கேட்கும். கோபம் ஒன்றுமில்லை, அந்தக் காலத்து மாமிமார் மருமகனோடு முகம் பார்த்துக் கதைப்பதில்லை, அவ்வளவுதான் என்பாள் மனைவி. நான் நம்பவில்லை. பிறகு நாங்கள் லண்டன் வந்த காலத்தையும் சேர்த்துப் பதினொரு வருடம் ஒரு சொல்கூட இல்லாமல் இருக்க வெட்கம் மட்டும் போதாது. இந்த மனுசிக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றே நினைத்தேன். அது உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு குளிர்காலத்தில் மாமி லண்டனுக்கு, சட்டன் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அப்போது என்னிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. மற்றக் கார்க்காரரை மேலிருந்து பார்க்கலாம் என்ற ஒரே காரணத்துக்காக வாங்கியது. ஹீற்றர் முன்பக்கத்துக்கு மட்டும்தான் வேலை செய்தது. பின்னால் மூச்சு விட்டால் புகை வந்தது. மாமியை முன் சீற்றில் இருக்கச் சொல்லி மனைவி மூலம் கேட்டேன். மருமகனுக்குப் பக்கத்தில் இருந்து போவதோ என்ற பதிலும் மனைவி மூலமே வந்தது. ஆகவே மாமி பின்னால், இரண்டு கம்பளியும் என்னுடைய ஓவர்கோட்டும் போர்த்து, மூக்கு மட்டும் தெரிய விறைத்துக்கொண்டிருந்தார்.

விடுவேனா? பின் சீற்றுக்குச் சூடு போட்டுக் காட்டுகிறேன் என்று வீராப்பாக இறங்கினேன். இதற்காவது அந்த வாயிலிருந்து ஒரு நல்ல சொல் விழாதா? வால்தம்ஸ்டோவில் கார் திருத்தும் ஒரு தம்பி, சீற்றுக்குள் வைக்கும் இரண்டு சூட்டு விரிப்புகளைத் தேடித் தந்தான். சீற் உறையைக் கழற்றி, விரிப்பை ஒட்டி, வயரை வண்டியின் பற்றறிவரை இழுத்துக்கொண்டுபோக எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. சூடு கூடினால் தானாக நிறுத்துகிற பாகம் ஒன்றையும் போடச் சொல்லித் தம்பி படித்துப் படித்துச் சொன்னான். நான் கேட்டால்தானே. சுவிட்சை முன்னால், என் கைக்கு எட்டும் இடத்தில் பூட்டினேன். மெல்லிய சூடு, கடும் சூடு என்று அதில் இரண்டு நிலை.

முதல் இரண்டு வாரம் ஒழுங்காகத்தான் நடந்தது. சூடு போதுமென்றால் மாமி மனைவியிடம் சொல்வார், மனைவி எனக்குச் சொல்வாள், நான் நிறுத்துவேன். பாராட்டு மட்டும் எந்த வழியாலும் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை மனைவிக்கு வேலை ஷிப்ட். மாமியை டூட்டிங்குக்கு மீன் வாங்கக் கூட்டிப்போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நாங்கள் இருவரும் தனியே போவது அதுதான் முதல்முறை. சுவிட்சைப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.

பாதி வழியில் மாமி இருமினார். பாவம், குளிர்கிறதாக்கும் என்று சூட்டைக் கூட்டினேன். இன்னும் பலமாக இருமினார். கண்ணாடியில் பார்த்தேன். இடப்பக்கம் நகர்ந்தார், வலப்பக்கம் நகர்ந்தார். பிறகு மேலே இருந்த கைபிடியைப் பிடித்து அரைவாசி எழும்பி நின்றார். வெளியே தெருவில் புதினம் பார்க்கிறார் என்று எண்ணி வண்டியை மெதுவாக்கிக் கொடுத்தேன். "முருகா, முருகா" என்று முணுமுணுக்கத் தொடங்கினார். பக்தியில் குறுக்கிடக் கூடாதென்று நானும் வாய் திறக்கவில்லை.

டூட்டிங் கடைத்தெருவுக்குள் நுழைந்ததும் சிவப்பு விளக்கு விழுந்தது. வண்டியை நிறுத்தினேன். அப்போதுதான் அந்தக் குரல் என் பிடரிக்குப் பின்னால் கேட்டது.

"தம்பி, எனக்குப் பின்பக்கம் வேகுது. அதை நிப்பாட்டுங்கோ."

எனக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சுவிட்சை அணைக்க வேண்டியவன், திரும்பி என்ன மாமி என்று கேட்டேன். இன்னொருமுறை கேட்க வேண்டும் போலிருந்தது. மாமி அதையே உரத்துச் சொன்னார். பிறகுதான் அணைத்தேன்.

விளக்கு மாறியதும் ஓரமாக நிறுத்திப் பின்கதவைத் திறந்து மன்னிப்புக் கேட்டேன். மாமி இறங்கினார். சேலையின் பின்பக்கத்தை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு முன்கதவைத் தானே திறந்து, எனக்குப் பக்கத்து சீற்றில் ஏறி இருந்தார். கைப்பை மடியில், பார்வை றோட்டில். நான் ஓடிப்போய் ஏறி வண்டியை எடுத்தேன்.

"தம்பி, உங்களுக்குக் கணவாய்க் கறி பிடிக்குமோ?" என்றார். "கலியாணம் முடிஞ்ச நாளில இருந்து கேக்கோணும் எண்டு இருந்தனான். மகளைக் கேட்டால், அவர் எதையும் தின்னுவார் எண்டுறாள். உங்களிட்ட எப்பிடிக் கேக்கிறது எண்டு எனக்குத் தெரியேல்லை."

கணவாயை என் கண்ணிலும் காட்டக்கூடாது.

"ஓம் மாமி, அதெண்டால் எனக்கு உயிர்" என்றேன். அன்று இரண்டு கிலோ வாங்கினார்.