பென்சில் சீட்டு

எங்கள் லேபில் அவளைப் பென்சில் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். கருப்பை வாயிலிருந்து தடவி எடுத்த செல்களை ஸ்லைடில் வைத்து, புற்றுநோயின் அறிகுறி இருக்கிறதா என்று மைக்ரோஸ்கோப்பில் தேடுவது எங்கள் பிழைப்பு. பதினெட்டு வருஷமாக அவளுக்குப் பக்கத்து மேசை நான்.

ஏ.ஐ. வந்தபோது அதற்குத் தனி அறை, ஏசி. எங்களுக்கு அதே லொடலொட ஃபேன். வயிற்றெரிச்சலில் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பேர் வைத்தேன். அது ஸ்லைடைப் படம் பிடித்துப் பார்த்து, சந்தேகப்பட்ட செல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போடும். ஒன்றுமில்லை என்றால் திரையில் பச்சை. கையெழுத்து மட்டும் நாங்கள் போட வேண்டும்.

அக்கா அன்றைக்கே ஒரு சட்டம் போட்டாள். "மாப்பிள்ளை சொல்றதக் கேக்கறதுக்கு முன்னாடி, நாம பாத்ததச் சீட்டுல எழுதிடணும். பென்சில்தானேன்னு அப்புறம் அழிக்கக் கூடாது. அது சொன்னதக் கேட்டுட்டுப் பாத்தா, அது சொன்னதுதான் கண்ணுக்குத் தெரியும்."

அவளுடைய சீட்டுகள் நீளமாக இருக்கும். 'இடது ஓரம் தடித்திருக்கிறது, மறுபடி பார்க்க' என்கிற மாதிரி. இரண்டு தடவை மாப்பிள்ளை கோட்டை விட்டதை அந்தச் சீட்டுதான் பிடித்தது. அதற்காக யாரும் அவளுக்கு ஒரு டீகூட வாங்கித் தரவில்லை.

பிறகு, நாளுக்கு நாற்பதாக இருந்த ஸ்லைடு நூற்றிருபது ஆனது. "மெஷினே பாத்துடுதே, உங்களுக்கு என்னம்மா கஷ்டம்?" என்றார் மேனேஜர், பாவி. முதலில் நான்தான் ஆரம்பித்தேன்: திரையைப் பார்த்துவிட்டு அப்புறம் சீட்டை நிரப்புவது. அடுத்து மற்றவர்கள். கடைசியாக அக்காவும். சீட்டு எழுதுவது மட்டும் நிற்கவே இல்லை, அதுதான் கொடுமை. ஒவ்வொன்றிலும் ஒரே வார்த்தை, 'இயல்பு'. ஆய்வுக்கு வந்தவர்களிடம் அந்தச் சீட்டுக் கட்டைக் காட்டித்தான் மேனேஜர் பெருமையடித்துக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவின் அண்ணி எங்கள் லேபில் பரிசோதனைக்குக் கொடுத்தாள். அம்மா இல்லாத வீட்டில் அக்காவுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவள். ஸ்லைடில் பேர் இருக்காது, எண்தான். அண்ணி போனில் கேட்டபோது அக்கா எண்ணைத் தேடினாள். 'இயல்பு' என்ற முடிவுக்குக் கீழே தன் கையெழுத்தே இருந்தது. "ஒண்ணுமில்ல அண்ணி, நானே பாத்தேன்" என்றாள். அது பொய் என்று அப்போது அவளுக்கே உறைக்கவில்லை.

ஒன்றரை வருஷத்தில் அண்ணி ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள். நோய் எலும்பு வரைக்கும் போயிருந்தது.

பழைய பெட்டியிலிருந்து அக்கா அந்த ஸ்லைடை எடுத்தாள். திரையைப் போடவில்லை. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, எழுந்து நகர்ந்து என்னைப் பார்க்கச் சொன்னாள். ஓரத்தில், செல்கள் ஒன்றன்மேல் ஒன்று அப்பிக் கிடந்த இடத்தில், கன்னங்கரேலென்று பருத்த உட்கருக்கள். கும்பலாக. நேற்று வேலைக்குச் சேர்ந்தவளுக்குக்கூடத் தெரியும். சீட்டையும் தேடி எடுத்தோம். 'இயல்பு.'

"மெஷின் தப்புன்னு சொல்லிடுக்கா. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றேன். என் சீட்டுக் கட்டும் அதே அலமாரியில்தான் இருந்தது. அந்தப் பயத்தில் சொன்னேன்.

அவள் ஸ்லைடைப் பெட்டியில் வைத்துவிட்டு அண்ணியைப் பார்க்கக் கிளம்பினாள். ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நடுவுல ரத்தம் பட்டுச்சு. டாக்டர்கிட்ட போலாம்னு உங்கண்ணன் ஒத்தக்கால்ல நின்னாரு. நம்ம பொண்ணே பாத்துட்டா, அப்புறம் என்னன்னு நான்தான் இருந்துட்டேன்."

"நான் பாக்கல அண்ணி."

அண்ணிக்குப் புரியவில்லை. "நானே பாத்தேன்னு சொன்னியே?"

"சொன்னேன். பாக்கல."

"அப்ப வேற யாரு பாத்தா?"

"யாரும் பாக்கல அண்ணி."

அண்ணி பிடித்திருந்த கையை விட்டாள்.